பற்றரியில் பிழை இல்லை

எங்கட வீட்டில் ஒரு பழைய ஹைலக்ஸ் கெப் நிற்கிறது. டீசல் என்ஜின். எங்கள் மூன்று பேரிலும் மூத்தவளை விட அதுக்கு வயது கூட. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றி, ஐஸ் போட்டு, கந்தளாய், ஹபரணை தாண்டி தம்புள்ளைப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அப்பாவின் தொழில். வீட்டுச் செலவு, டியூசன் காசு, அம்மாவின் மருந்து எல்லாம் அந்த நாலு சில்லில்தான் ஓடுகிறது.

அந்த வண்டி ஆறு மாதம் எங்களை அலைக்கழித்தது. அந்த ஆறு மாதத்தில் நாங்கள் விட்ட பிழையையும், கடைசியில் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறோம். பழைய வாகனம் நிற்கிற எந்த வீட்டுக்கும் இது உதவும்.

தொடக்கம் சின்னதுதான். இரவில் ஹெட்லைற் மஞ்சளாக எரிந்தது. லைற் போட்டால் டாஷ்போர்டில் ஹீற் முள்ளு கொஞ்சம் மேலே ஏறும், அணைத்தால் இறங்கும். அப்பா ரேடியேட்டரைக் கழுவினார். முள்ளு கேட்கவில்லை. பிறகு காலையில் செல்ப் அடித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரத் தொடங்கியது. நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்று தள்ளினால் உடனே எடுக்கும். டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை, சில்லு சுற்றினால் அதுவாகப் பற்றிக்கொள்ளும். அதனாலேயே நாங்கள் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. 'தள்ளினா எடுக்குதுதானே' என்று இருந்துவிட்டோம்.

ஒரு கராஜில் காட்டினோம். பற்றரி செத்துவிட்டது என்றார்கள். புதுப் பற்றரிக்கு அம்மாவின் ஒரு சோடிக் காப்பு அடகுக்குப் போனது. இரண்டு கிழமை நன்றாக இருந்தது, பிறகு பழையபடி 'டிக்'. அடுத்த முறை ஓல்டர்நேற்றர் சார்ஜ் பண்ணவில்லை என்று அதை மாற்றினார்கள். அதுவும் சரிவரவில்லை. வண்டியை விற்றுவிட்டு வேறு எடுக்கலாம் என்றால் அதுக்கும் வழி இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்த பிறகும் எங்களைப் போன்ற ஆட்களுக்கு எட்டுகிற விலையில் எதுவும் இல்லை.

ஒரு நாள் இரவு, கந்தளாய் தாண்டி, அப்பா பிளேன்டி குடிக்க நிறுத்தினார். வண்டி திரும்ப எடுக்கவில்லை. எங்களில் ஒருவன் மட்டும்தான் கூடப் போயிருந்தான். மீனும் ஐசும் ஏற்றிய வண்டியை இரண்டு பேர் தள்ள முடியுமா? ஹபரணைப் பக்கம் இரவில் யானை குறுக்கே வரும் ரோட்டு அது. விடியும் வரை நின்று, காலையில் ஒரு லொறிக்காரர் கயிறு கட்டி இழுத்துத்தான் எடுத்தார்கள். பெட்டியில் ஐஸ் கரைந்து தண்ணியாகி இருந்தது. மீனைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு வந்த அப்பா, அன்றைக்கு யாரோடும் கதைக்கவில்லை.

அதுக்குப் பிறகுதான் கிண்ணியாவில் இருக்கிற ஒரு வயரிங் நானாவிடம் போனோம். கூட்டாளி ஒருத்தன் சொன்ன ஆள். அவர் பற்றரியைத் தொடவே இல்லை. பொனற்றைத் திறந்து, செல்ப் அடிக்கச் சொல்லிவிட்டு, அக்சிலேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். எங்களையும் தொடச் சொன்னார். கேபிள் சுட்டது!

"பாத்தீங்களா மகன்? கரண்ட் போனா மட்டும் போதாது, திரும்பி வரணும். இங்க வார வழி அடைச்சிப் போச்சி. அதான் கிடைச்ச வழியால வருது."

எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது. பிறகு பாதையை வைத்து விளங்கப்படுத்தினார். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை சனம் பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போனது. "அக்கரைக்குப் போன பாதை திரும்பி வந்தாத்தானே இங்க நிக்கிற ஆக்கள் ஏறலாம்? அது அங்கயே நிண்டா இங்க கியூதான். பற்றரியும் அப்பிடித்தான்."

வாகனத்தில் மின்சாரம் பற்றரியின் பொசிற்றிவில் இருந்து வயர் வழியாகப் போகிறது. திரும்பி வருவது பெரும்பாலும் வயர் வழியாக இல்லை, இரும்பு உடம்பு வழியாக. ஆனால் என்ஜின் நிற்பது றப்பர் மவுண்டிங்கின் மேல். றப்பர் மின்சாரத்தை விடாது. என்ஜினுக்கும் சேசிசுக்கும் இடையில் ஒரு செம்புப் பின்னல் பட்டி போட்டிருப்பார்கள். அதுதான் எர்த். எங்கட வண்டியில் நெகற்றிவ் கேபிள் சேசிசில் பூட்டியிருந்தது. ஆகவே செல்ப் மோட்டரின் கரண்ட் முழுவதும் அந்தப் பட்டியால்தான் திரும்ப வேண்டும். பட்டியைக் கழற்றிப் பார்த்தால் முழுக்கப் பச்சை. சைவசமய வகுப்பில் செம்பில் களிம்பு என்று படித்தோமே, அதேதான்.

களிம்பு எங்கே இருந்து வந்தது? ஐஸ் கரைந்த உப்புத் தண்ணி வருசக்கணக்காகச் சேசிசில் வடிந்திருக்கிறது. துறைமுகக் காற்றிலும் உப்பு. செம்பு, இரும்பு, நடுவில் உப்புத் தண்ணி. 1800 இல் வோல்டா செம்பையும் நாகத்தையும் அடுக்கி, இடையில் உப்புத் தண்ணியில் நனைத்த துணியை வைத்துச் செய்ததும் இதே வேலைதான். அவருக்குக் கிடைத்தது பற்றரி, எங்களுக்குக் கிடைத்தது கறள்.

பிறகு நானா மல்டிமீற்றரை எடுத்தார். இதுதான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்த விசயம். முதலில் அந்தப் பட்டியைச் சும்மா சோதித்தார். மீற்றர் 'பீப்' என்று நல்லாவே சத்தம் போட்டது. கராஜிலும் இதைத்தான் பார்த்திருப்பார்கள். பிறகு மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவிலும் மற்ற முனையை என்ஜினிலும் வைத்துவிட்டுச் செல்ப் அடிக்கச் சொன்னார். 3.4 வோல்ற் காட்டியது. நல்ல எர்த் என்றால் அரை வோல்ற்றுக்கும் குறைவாகத்தான் காட்ட வேண்டும்.

ஓ/எல் விஞ்ஞானத்தில் ஓமின் விதி படித்தோம். அழுத்த வித்தியாசம் என்பது ஓட்டத்தைத் தடையால் பெருக்கினால் வருவது. சோதனையில் புள்ளியும் எடுத்தோம், ஆனால் அது எங்கட முற்றத்தில் நிற்கிற வண்டிக்குள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. செல்ப் மோட்டர் 150 அம்பியர் அளவில் இழுக்கிறது என்று வையுங்கள். எர்த்தில் தடை வெறும் 0.02 ஓம். பெருக்கினால் 3 வோல்ற் அங்கேயே போய்விடுகிறது. இவ்வளவு சின்னத் தடை சாதாரண மீற்றரில் தெரியாது, மீற்றரின் வயருக்கே அதைவிடத் தடை கூட. ஆகவே கரண்ட் ஓடாத நேரத்தில் வயரைச் சோதித்தால் அது நல்லபிள்ளை மாதிரித்தான் இருக்கும். வேலை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

மற்றதெல்லாம் அதோடு விளங்கியது. ஓல்டர்நேற்றரின் வாயில் அளந்தால் 14.1 வோல்ற், பற்றரியில் அளந்தால் 13.3. இடையில் உள்ளதை அந்தப் பட்டி தின்றது. பற்றரி ஒருநாளும் நிறையவில்லை. ஹீற் சென்சரும் என்ஜின் உடம்பில்தான் எர்த். லைற் போட்டால் பட்டியில் ஓட்டம் கூடும், முள்ளு ஏறும். நாங்கள் மாற்றிய இரண்டு சாமானும் நல்ல சாமான்கள்தான்.

வேலை ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. முதலில் பற்றரியின் நெகற்றிவைக் கழற்றினார். எப்போதும் அதைத்தான் முதல் கழற்ற வேண்டும், கடைசியாகப் பூட்ட வேண்டும். பொசிற்றிவில் கை வைக்கும்போது சாவி சேசிசில் பட்டால் நெருப்புப் பறக்கும், சார்ஜ் ஏறிய பற்றரியைச் சுற்றி எரியக்கூடிய வாயுவும் இருக்கும். பெயின்டையும் கறளையும் அரத்தால் சுரண்டி, இரும்பு மினுங்கும் வரை அரத்தாள் போட்டார். தடித்த வெல்டிங் கேபிளில் நெகற்றிவில் இருந்து நேரே என்ஜினுக்கு ஒன்று, என்ஜினில் இருந்து சேசிசுக்கு இன்னொன்று. போல்றை இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசினார். திரும்பச் செல்ப் அடித்து அளந்தோம். 0.2 வோல்ற். என்ஜின் முதல் சுற்றிலேயே எடுத்தது. அப்பா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார்.

நானா கேபிளுக்கும் கூலிக்கும் வாங்கியது, பற்றரிக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கும் வராது.

இப்போது எங்களிடம் சொந்தமாக ஒரு மல்டிமீற்றர் இருக்கிறது. போன மாதம் பிரேக் பிடித்தால் பின் சிக்னல் லைற்றும் மங்கலாக எரிந்தது. முதலே பல்பு வாங்க ஓடாமல், பிரேக்கை மிதிக்கச் சொல்லி, லைற்றின் எர்த்துக்கும் பற்றரி நெகற்றிவுக்கும் இடையில் அளந்தோம். அதே பிழை, சின்ன அளவில். ஒரு ஸ்குரூவைக் கழற்றி அரத்தாள் போட்டதோடு முடிந்தது. ஒவ்வொரு முறை மீன் இறக்கிய பிறகும் நல்ல தண்ணியால் சேசிசைக் கழுவுகிறோம். அந்த வேலை எங்கட முறை.

கழற்றிய பழைய ஓல்டர்நேற்றர் கட்டிலுக்குக் கீழே சாக்கில் கிடக்கிறது, பிழை எதுவும் இல்லாமல். அம்மாவின் காப்பு இன்னும் அடகில்தான். வட்டி கட்டிக்கொண்டு வருகிறோம். தை மாதத்துக்குள் மீட்டுவிடலாம் என்று அப்பா சொல்கிறார்.