கைக்கு வராத பகுத்தறிவு

மேடை கிடைத்தால் இரண்டு மணி நேரம் பேசுவோம் நாம். பேய் இல்லை, பில்லி இல்லை, சூனியம் இல்லை என்று அடுக்கடுக்காய் எடுத்துரைப்போம். கைதட்டல் எழும், களிப்படைவோம். அந்தக் களிப்பு 2022-ஆம் ஆண்டு ஒரு மாலைப் பொழுதிலே, பேருந்து நிலையத்துத் தரையிலே கரைந்தது.

இளைஞன் ஒருவன் திடுமெனச் சாய்ந்தான். வலிப்பு! கைகால்கள் வெட்டி இழுத்தன, வாயிலே நுரை. கூட்டம் கூடிற்று. "இரும்பு கொடு, இரும்பு கொடு!" என்றது ஒரு குரல். சாவிக்கொத்தை அவன் கையிலே திணித்தார் ஒருவர். பற்களுக்கிடையே கரண்டியைச் செருக முனைந்தார் இன்னொருவர். தோள்களை அழுத்திப் பிடித்தனர் இருவர். சற்று நேரத்தில் வலிப்பு அடங்கிற்று. "பார்த்தீரா இரும்பின் மகிமையை!" என்றார் சாவிக்குரியவர், நமது கறுப்புச் சட்டையை நோக்கி.

இரும்பால் வலிப்பு நிற்காது என்று அறிவோம். ஆனால் எது செய்தால் அவனுக்கு நலம் என்று அறியோம். மறுக்கத் தெரிந்த நமக்கு மாற்றுச் சொல்லத் தெரியவில்லை. அறியாமையோடு கை நீட்டியவர், உதவியவர் ஆனார். அறிவோடு கைகட்டி நின்ற நாம் வேடிக்கை பார்த்தவர் ஆனோம். வெட்கம் நம்மை வாட்டியது.

அடுத்த திங்களே முதலுதவிப் பயிற்சி வகுப்பிலே சேர்ந்தோம். பேருந்து நடத்துநர் உரிமம் பெற முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். ஆகவே வகுப்பிலே பாதிப் பேர் வேலை தேடும் இளைஞர்கள். "உங்களுக்கு எதற்கு ஐயா இது?" என்றான் ஒருவன். சாவிக்கொத்தின் கதையைச் சொன்னோம். சிரித்தான். "எங்கள் வீட்டிலும் அதைத்தான் ஐயா செய்வோம்" என்றான்.

விடை வகுப்பிலே கிடைத்தது. வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானே அடங்கிவிடும். காலம் செய்ததைச் சாவி செய்ததாகக் கதை கட்டினோம்! செய்ய வேண்டுவதோ எளிது: அழுத்திப் பிடிக்காதே, வாயில் எதையும் செருகாதே, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதேனும் வை, வலிப்பு தணிந்ததும் ஒருக்களித்துக் கிடத்து, கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிடம் கடந்தால் 108-ஐ அழை.

அடுத்து, நின்றுபோன இதயத்தை இயக்கும் பயிற்சி. தரையிலே கிடத்திய பொம்மையின் மார்பை, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும்; நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை; முப்பது அழுத்தத்துக்கு இரண்டு முறை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். இடையிலே ஏதோ விளக்கம் கேட்டோம். "ஐயா, பேச்சு வேண்டாம், எண்ணுங்கள்" என்றார் ஆசிரியர். பேச்சையே தொழிலாகக் கொண்ட நமக்கு அது தக்க பாடம்.

பாம்புக்கடிக்கு மந்திரம் வேண்டாம் என்று முழங்கியவர்தாம் நாம். கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடத் தவறு என்பதை அங்கேதான் கற்றோம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு விரைவதே முறை. அங்கே ஏற்றப்படும் நச்சுமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருவோர் யார்? வடநெம்மேலியிலே 1978-இல் கூட்டுறவுச் சங்கம் கண்ட இருளர் மக்கள்! ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டோர் எடுத்த நஞ்சாயிற்றே, தீட்டு என்று அந்த மருந்தை மறுப்பாரா எவரேனும்? உயிர் ஊசலாடும்போது ஓடி ஒளியும் சாதி, உடல் தேறியதும் திரும்பி வருவதேன்?

தேர்வு எழுதினோம், செய்து காட்டினோம், சான்றிதழ் பெற்றோம். மூன்றாண்டுதான் செல்லும் அது. பின்னர் மீண்டும் கற்க வேண்டும், மீண்டும் தேற வேண்டும். பிறப்பால் வந்த உயர்வு என்று பேசுகிறார்களே, அதற்குத் தேர்வு உண்டா? காலக்கெடு உண்டா? தொண்டுக்கு வந்த தகுதியோ, தன்னைத் தானே மறுபடி மறுபடி மெய்ப்பித்தாக வேண்டும். அதுவே நேர்மையான தகுதி.

"உதவினால் வழக்கில் சிக்குவோமே" என்று அஞ்சுவோர் உளர். சாலை விபத்திலே நல்லெண்ணத்தோடு உதவுவோருக்குக் காப்பளிக்கும் பிரிவு, 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. அஞ்சற்க!

சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தின் முடிவிலே முதியவர் ஒருவர் வலிப்பு வந்து சாய்ந்தார். மூதாட்டி ஒருவர் சாவிக்கொத்தை நீட்டினார். "சாவி வேண்டாம் அம்மா, அந்த நாற்காலியை அப்புறப்படுத்துங்கள்" என்றோம். அப்படியே செய்தார். சற்றுமுன் நமக்கு அணிவித்த பொன்னாடையை மடித்து முதியவர் தலைக்கு அடியில் வைத்தோம். இரண்டு நிமிடத்தில் வலிப்பு அடங்கிற்று. ஒருக்களித்துக் கிடத்தினோம். "இரும்பு இல்லாமலா?" என்று வியந்தார் மூதாட்டி. நமது இரண்டு மணி நேரப் பேச்சு எழுப்பாத கேள்வி அது.

தோழர்களே! மன்றந்தோறும் படிப்பகம் கண்டோம். அந்தப் படிப்பகங்களிலே திங்களுக்கு ஒரு நாள் மேசையை ஒதுக்கிவிட்டுத் தரையிலே ஒரு பொம்மையைக் கிடத்துவோம். நாவிலே நிற்கும் பகுத்தறிவு கைக்கும் வரட்டும்!