தரையில் உட்கார்ந்த வயலின்

பெண்ணைப் புக்ககத்துக்கு அனுப்பி வைக்கும் நேரத்தில் ஒரு தாயாரின் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? சென்ற மார்கழி மாதத்தில் சென்னையில் ஒரு பெரிய மண்டபத்தில் அந்த முகத்தைப் பார்த்தேன். ஆனால் அங்கே நடந்தது கல்யாணம் அல்ல, கச்சேரி.

மேடையில் அரை வட்டமாக எழுபது பேர். வயலின், வயோலா, செல்லோ, குழல், கொம்பு, பேரிகை என்று மேல்நாட்டு வாத்தியங்கள் அத்தனையும் ஆஜர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாங்கி. அதன்மேல் சுரம் எழுதிய காகிதம். நடுவிலே கோலும் கையுமாக, கோஷ்டியை நடத்துகிற துரை. அவருக்குப் பக்கத்தில் சின்னஞ்சிறு மரப்பலகை, அதன்மேல் ஜமக்காளம். ஜமக்காளத்தின்மேல் சம்மணமிட்டு, அரக்கு நிறப் பட்டுப் புடைவையில் ஓர் இருபத்திரண்டு வயதுப் பெண். தஞ்சை ஜில்லாவில் பிறந்து வளர்ந்தவள். தன் பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக் கொண்டதால், நாமும் அவளைப் 'பெண்' என்றே அழைப்போம்.

எனக்கு அடுத்த நாற்காலியில் அவளுடைய தாயார். கையில் இருந்த கைக்குட்டையை அவர் முறுக்கிய முறுக்கில், அது கைக்குட்டையாக மீண்டதே அதிசயம்!

"நின்றுகொண்டு பாட வேண்டும் என்றார்களாம். 'உட்கார்ந்தால்தான் எனக்குக் குரல் வரும்' என்று சொல்லி இந்தப் பலகையை வாங்கினாள். ஆனால் சுருதியில் விட்டுக் கொடுத்துவிட்டாள். ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவளை ஐந்துக்கு இறக்கிவிட்டார்கள்" என்றார் அந்த அம்மாள், ஏதோ நகையை அடகு வைத்த செய்தியைச் சொல்வது போல.

காரணம் இல்லாமல் இறக்கவில்லை. ஸட்ஜம் ஐந்து கட்டையில் நின்றால், மேல்நாட்டு வயலினின் நாலு தந்திகளில் இரண்டு, விரல் வைக்காமலே, ஸட்ஜமாகவும் பஞ்சமமாகவும் பேசும். ஐந்தரை என்றால் அந்தச் சௌகரியம் போய்விடும்.

சங்கராபரணத்தில் ஒரு கிருதி ஆரம்பமாயிற்று. நம் சங்கீதத்தில் தம்பூரா ஒரே ஸட்ஜத்தை விடாமல் மீட்டிக்கொண்டே இருக்கும். பாடுகிறவள் எங்கே சுற்றினாலும் திரும்பி வருவதற்கு வீடு ஒன்று உண்டு. மேல்நாட்டு முறை வேறு. பாட்டுக்குக் கீழே பல சுரங்கள் ஒரே சமயத்தில் கூட்டாக ஒலிக்கும். அந்தக் கூட்டும் மாறிக்கொண்டே இருக்கும். அது மாற மாற, எது வீடு, எது திண்ணை என்று நம் காதுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. "ஐயையோ, தரை நகர்கிறதே!" என்று தாயார் முணுமுணுத்தார்.

பெண் அசையவில்லை. பிறகு ஆலாபனைக்கு என்று ஒதுக்கிய இடம் வந்தது. ஒத்திகையில், "எத்தனை அளவு பாடுவீர்கள்?" என்று துரை கேட்டாராம். "அது எனக்கே தெரியாதே!" என்றாளாம் இவள். கடைசியில் முப்பத்திரண்டு அளவு என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

எழுபது வாத்தியங்களும் ஓய்ந்தன. செல்லோக்கள் மட்டும் ஸட்ஜ பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு தம்பூராவாயின. பெண் பாடினாள். முப்பத்திரண்டு கடந்தது, நாற்பதும் கடந்திருக்கும். துரை காகிதத்தைப் பார்க்கவில்லை. கோலைத் தூக்கியபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மேல் ஸட்ஜத்தைத் தொட்டு இறங்கி, கண்ணைத் திறந்து ஒரு தலையசைப்புக் கொடுத்த பிறகுதான் கோல் கீழே வந்தது.

கரகோஷம் அடங்க வெகு நேரம் ஆயிற்று. ஆனால் தாயார் மேடையைப் பார்க்கவில்லை. முன் வரிசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியைப் பார்த்தார். அது பெண்ணுக்குப் பன்னிரண்டு வருஷம் பாட்டுச் சொல்லிக் கொடுத்த பாட்டியம்மாளுக்காக வைத்திருந்த நாற்காலி. பாட்டி வரவில்லை.

"தை மாதம் திருவையாற்றுக்கு வாருங்கள் அக்கா. பாட்டி அங்கே வருவாள். அங்கே பாடி முடித்தால்தான் இந்தக் கச்சேரி எனக்கு முடிந்ததாக அர்த்தம்" என்றாள் பெண்.

போகாமல் இருக்க முடியுமா?

* * *

எழும்பூரில் இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், விடியும்போது சோழ நாடு. ஜன்னலைத் திறந்தேன். சம்பா அறுவடைக் காலம். ஒரு பக்கம் தலை சாய்ந்த பொன்னிறக் கதிர். மறு பக்கம் அறுத்த தாள். அரிவாளும் கையுமாகப் பெண்கள் வரிசையாக நின்ற வயல்களில் இப்போது அறுவடை இயந்திரம் உறுமுகிறது. கொக்குகள் மட்டும் பழைய கொக்குகளே!

தஞ்சாவூரில் இறங்கினால் முதலில் பெரிய கோவில்தானே? 1010-ஆம் ஆண்டில் ராஜராஜன் கட்டி முடித்த கோவில். அதன் சுவரில் உள்ள கல்வெட்டு ஒன்றை நம் சகோதரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கோவில் பணிக்காக நானூறு ஆடல் மகளிரைச் சோழ நாடெங்கிலுமிருந்து வரவழைத்துக் குடியேற்றி, ஒவ்வொருத்தியின் பெயரையும், அவளுக்குக் கொடுத்த வீடு எந்தச் சிறகில் எத்தனையாவது என்பதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஒரு பங்குக்கு 100 கலம் நெல். இந்த ஊரில் கலைக்குச் சம்பளம் வயலிலிருந்து வந்தது. காவிரி பொய்த்தால் கச்சேரியும் இல்லை!

அங்கிருந்து அரண்மனை. இரண்டாம் சரபோஜி மன்னர் 1798 முதல் 1832 வரை தஞ்சையில் வீற்றிருந்தவர். ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் பாடம் கேட்டவர். சரசுவதி மகால் நூல் நிலையத்தை அவர் வளர்த்த கதை உங்களுக்குத் தெரிந்ததே. அந்தச் சேகரத்தில் ஓலைச் சுவடிகளோடு மேல்நாட்டுச் சங்கீதச் சுரத் தாள்களும் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. சரபோஜி தம் அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியங்கள் கொண்ட பாண்டு கோஷ்டி ஒன்றையே வைத்திருந்தார். சென்னை மண்டபத்தில் நான் பார்த்த சம்பந்தத்துக்கு நிச்சயதார்த்தம் இங்கேயே, இருநூறு வருஷங்களுக்கு முன்னே நடந்தாகிவிட்டது!

அதே காலத்து இன்னொரு கதையையும் கேளுங்கள். திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீக்ஷிதரின் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் சில காலம் தங்கியிருந்தது. கோட்டையில் கம்பெனியாரின் பாண்டு வாசிப்பதைக் கேட்டார்கள். தீக்ஷிதர் அந்த மெட்டுக்களை எடுத்து ஸமஸ்கிருதத்தில் ஸாஹித்யம் செய்தார். 'நோட்டு ஸ்வரம்' என்று நாம் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே, அவைதாம். சுமார் நாற்பது உண்டு. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டுக்கூட அவர் கையில் தெய்வத் துதியாகிவிட்டது.

தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதரோ அந்தப் பாண்டிலிருந்து வயலினைப் பிரித்தெடுத்தார். வெள்ளைக்காரர் ஒருவரிடம் முறையாகக் கற்றார். பிறகு என்ன ஆயிற்று என்று பாருங்கள். நின்றுகொண்டு மோவாய்க்கு அடியில் வைத்து வாசித்த வாத்தியம் தரைக்கு வந்தது. அதன் தலை வாசிக்கிறவரின் கணுக்காலில் சாய்ந்தது. தந்திகளைப் பஞ்சம ஸட்ஜமாகக் கூட்டினார்கள். விரல் வழுக்கி வழுக்கிக் கமகம் பேசக் கற்றது. தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு, திருவிதாங்கூரில் ஸ்வாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்தத்தால் ஆன வயலினையே பரிசாகப் பெற்றார், அது 1834-ல். இன்று வயலின் இல்லாமல் நம் ஊரில் கச்சேரி உண்டா? வந்த மருமகள் வீட்டுக்காரியாகிவிட்டாள்!

தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதரையும் நினைக்க வேண்டும். சித்த வைத்தியர், மேல்நாட்டுச் சங்கீதமும் கற்றவர். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய இசை நூலை வெளியிட்டார். அதற்கு முந்தின வருஷம் பரோடா சங்கீத மகாநாட்டில் தம் ஆராய்ச்சியை அவர் விளக்கியபோது, பாடிக் காட்டியவர்கள் அவருடைய புதல்விகள்.

இந்த வழியின் மறு கோடியில் இருப்பவர் இளையராஜா. 1986-ல் அவர் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' இசைத்தட்டைத் தியாகராஜருக்கும் ஜெர்மன் மேதை பாக் என்பவருக்கும் சேர்த்தே சமர்ப்பித்தார். 2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் கோஷ்டி அவருடைய சிம்பொனியை வாசித்தது.

இவ்வளவையும் மனத்தில் போட்டுக்கொண்டு திருவையாற்றுப் பஸ்ஸில் ஏறினேன்.

* * *

வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஐந்து பாலங்களையும் எண்ணிக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். நான் போனபோது காவிரியில் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

புஷ்ய பகுள பஞ்சமி. தியாகராஜ ஸ்வாமிகள் 1847-ல் சித்தியடைந்த திதி. ஆற்றங்கரைப் பந்தலில் எள் போட்டால் எள் விழாது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கிருதிகளை நூற்றுக்கணக்கான வித்வான்களும் விதுஷிகளும் ஒரே குரலாகப் பாடுகிறார்கள். பெண்கள் பக்கத்தில் நம் பெண்ணும் இருந்தாள்.

அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே ஒரு பெண்மணியின் பிடிவாதத்தால்தான். சிதிலமாகிக் கிடந்த சமாதியைக் கண்டு மனம் நொந்து, தம் சொந்தப் பொருளைச் செலவழித்து 1920-களில் கோவில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். கட்டியவர் அவர், ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள்! அவர் சண்டை போட்டுக்கொண்டு நிற்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஓர் ஆராதனையே நடத்தினார். 1940 வாக்கில் எல்லாக் கட்சியும் ஒன்றாயிற்று. 1952-ல் காலமான அந்த அம்மாள் இன்று சிலையாகச் சன்னிதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். உட்கார இடம் கேட்டு வாங்கிய பெண்கள் இந்த ஊருக்குப் புதிதல்ல!

ஆரபி நடக்கும்போது எனக்கு ஒன்று தோன்றிற்று. இங்கேயும் யாரும் இஷ்டப்படி பாடவில்லை. எல்லாச் சுரமும் முன்பே தீர்மானமானது. வயலின்களும் குழல்களும் மிருதங்கங்களும் ஒரே கட்டுக்குள். காகிதமும் கோலும் இல்லையே தவிர, இதுவும் ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டிதானே? கட்டுப்பாடு நமக்கு அந்நியம் அல்ல. கட்டுப்பாட்டுக்குப் பிறகு தனியாகப் பாட ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

பெண்ணுக்கு அந்த இடம் இரவில் கிடைத்தது. இரண்டு மேடைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் பாடி முடிப்பதற்குள் மற்றதில் அடுத்தவர் தயார். சில நிமிஷங்கள்தாம். ஐந்தரைக் கட்டையில், தோடியில் ஒரு கிருதி. பக்கத்தில் வயலின், அந்தப் பழைய மருமகள், கணுக்காலில் தலை சாய்த்துக்கொண்டு பின்தொடர்ந்தது. பந்தல் கம்பத்தின் ஓரத்தில் வெள்ளைப் புடைவையில் ஒரு மூதாட்டி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

பெண் இறங்கி வந்து நமஸ்கரித்தாள். எழுந்திருக்கும்போது அவள் கைகள் நடுங்கின. எழுபது வாத்தியங்களின் முன்னால் நடுங்காத கைகள்!

பாட்டி என் பக்கம் திரும்பினாள். "பட்டணத்துப் பத்திரிகைக்காரியா? வாம்மா. நான் அன்றைக்கு வரவில்லை என்று இவள் அழுதாளாமே. முழங்கால் வலியம்மா, வேறொன்றும் இல்லை" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் முழங்கால் வலி பாதிதான் இருந்தது.

பிறகு பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "பேரன் செல்போனில் போட்டுக் காட்டினான். முழுக்கக் கேட்டேன். அரைக் கட்டை இறங்கினால் குடி முழுகிவிடாது. நீ பாடி முடிக்கிற வரைக்கும் அந்தத் துரை கையைத் தூக்கிக்கொண்டு உன் முகத்தையே பார்த்தபடி நின்றாரே, அது எனக்குப் பிடித்தது. பக்கவாத்தியத்துக்கு அதுதான் லட்சணம்."

எழுபது பேர் கொண்ட கோஷ்டி ஒரே வாக்கியத்தில் பக்கவாத்தியம் ஆகிவிட்டது!

பெண்ணின் கண்களில் தண்ணீர். தாயார் கைக்குட்டையைத் தேடினார்.

"ஆனால் ஒன்று" என்று பாட்டி விரலை உயர்த்தினாள். "சங்கராபரணம் அவர்களுக்கே தெரிந்த ராகம். அதைப் பாடிவிட்டு வருவதற்கு உனக்கு எதற்குப் பன்னிரண்டு வருஷம்? அடுத்த தடவை தோடி பாடு. கஷ்டப்படட்டும், கற்றுக்கொள்ளட்டும். அந்த நாளில் நாம் கற்றுக்கொள்ளவில்லையா?"

கடைவீதியில் பாட்டிக்குப் பிடித்த அசோகா அல்வா கால் கிலோ வாங்கிக்கொண்டு, மூன்று பேரும் காவிரிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். நடுவில் பாட்டி. முழங்கால் வலியைக் காணவே காணோம்!