சாரணி எங்கே?

சென்ற ஆடி மாதம் ஒரு நாள் என் பெண்ணின் சுட்டுவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. சாதத்தைப் பிசையும்போது அந்த விரலை மட்டும் தூக்கிக்கொண்டே பிசைந்தாள்.

"கத்தி பட்டுதா?" என்று கேட்டேன்.

"இல்லேம்மா, கொப்புளம்" என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு கிட்டாரில் போய் முடிந்திருக்கும். அந்தச் சமாசாரத்தைப் பற்றி எங்கள் இருவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

நான் பதினைந்து வருஷம் வீணை கற்றவள். கச்சேரி செய்ய எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. பெண்ணாவது செய்யட்டும் என்று ஆறு வயதிலேயே அவளை வீணைக்கு முன்னால் உட்கார்த்தி வைத்தேன். வர்ணம் வரையில் வந்தாள். பிறகு கல்லூரியில் சேர்ந்தவள், ஒரு நாள் தோளில் நீளமான பை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். உள்ளே யாரோ வாசித்துவிட்டு விற்ற பேஸ் கிட்டார். நான் அன்றைக்கே வீணைக்கு உறை போட்டுப் பரண்மேல் ஏற்றச் சொல்லிவிட்டேன். "தூசி படியாமல் இருக்கட்டும்" என்று காரணம் சொன்னேன். கோபந்தான் காரணம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பால்காரர் உள்பட.

பேஸ் கிட்டாரைப் பார்த்திராத சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சாதாரணக் கிட்டாரைவிடக் கழுத்து நீளம். தந்தி நாலே நாலு. எல்லாவற்றிலும் தடித்த தந்தியை மீட்டினால் விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. காதில் விழுவதற்கு முன்னால் வயிற்றில் விழுகிற நாதம் அது. மெல்லிய தந்தி 98 தடவை. பாட்டில் நமக்குத் தனியாகக் கேட்காது. ஆனால் நிறுத்திவிட்டால், ரசத்தில் உப்புப் போட மறந்த மாதிரி ஆகிவிடும்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டில் வரும்படி சுருங்கிவிட்டது. கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழு ஒன்றில் என் பெண்ணுக்கு இடம் கிடைத்தபோது, அவள் கொண்டுவந்த முதல் பணத்தில்தான் மின்சாரக் கட்டணம் கட்டினோம். நான் கிட்டாரைத்தான் வெறுத்தேன். அந்தப் பணத்தை வெறுக்க முடியவில்லை.

கொப்புளத்தின் கதை அவள் அப்பா மூலமாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. மெல்லிய தந்திக்குப் போனால் அவள் வாசிப்பது சபைக்கே கேட்பதில்லையாம். குழுத் தலைவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். அடுத்த வரவேற்பிலும் இப்படியே இருந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்றாராம். இவள் அந்தத் தந்தியைப் பலங்கொண்ட மட்டும் இழுத்து மீட்டி விரலைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறாள். தந்தி மெட்டில் மோதிக் கடகடவென்று சத்தம் போட்டதுதான் மிச்சம். ரிப்பேர் கடை ஒன்றில், 'பிக்கப்'பையே மாற்ற வேண்டும், ரூ. 6,500 ஆகும் என்றார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சமையலறையில் காப்பிக்கு டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். அறைக்குள் அவள் சாதகம் செய்துகொண்டிருந்தாள். ஒரு வருஷமாகக் கேட்காதது போல் இருந்து பழகிய காதுதான். ஆனால் பதினைந்து வருஷத்துப் பழக்கம் எங்கே போகும்? மந்தரம் கேட்கிறது, பஞ்சமம் கேட்கிறது. திடீரென்று ஆளையே காணோம்.

"ஏண்டி, சாரணி எங்கே?" என்று கத்திவிட்டேன்.

வாசிப்பு நின்றது. கதவு திறந்தது. "அதுக்குப் பேர் 'ஜி', அம்மா" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

"பேர் எதுவாயிருந்தா என்ன? அது மட்டும் இல்லே, அதுக்கு அடுத்த தந்தியும் கம்மியாத்தான் இருக்கு. 'டி'யில அஞ்சாவது மெட்டும் 'ஜி'யைச் சும்மா மீட்டறதும் ஒரே ஸ்வரந்தானே? ரெண்டையும் மாத்தி மாத்தி வாசி. விரல் பலம் ஒண்ணா இருக்கட்டும்."

நான் அடுப்பங்கரையிலிருந்தே கேட்டுச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் விரல் போகிற போக்கைக் கண் பார்த்துக் காதை ஏமாற்றிவிடும். தடித்த தந்திகள் இரண்டும் ஒரு ஜோடி, மெல்லியவை இரண்டும் வேறொரு ஜோடி என்பது பத்து நிமிஷத்தில் தெளிவாயிற்று.

பிறகுதான் வாத்தியத்தை மடியில் வாங்கிப் பார்த்தேன். நல்ல கனம்! பிக்கப் என்பது தந்திக்கு அடியில் இருக்கும் காந்தம். அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. இரும்புத் தந்தி காந்தத்தின் மேல் ஆடினால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. அதை ஒலிபெருக்கி பெரிதாக்குகிறது. ஆகவே தந்தி எத்தனை பலமாக ஆடினாலும், காந்தம் தள்ளியிருந்தால் சத்தம் குறைவுதான். இந்த ஜாதிக் கிட்டாரை 1951-ல் அமெரிக்காவில் கொண்டுவந்தவர் லியோ ஃபெண்டர் என்பவர். ரேடியோ பழுது பார்த்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாதாம்! அவருடைய கம்பெனி 1957-ல் பிக்கப்பை இரண்டு துண்டாக்கித் தடித்த தந்திகளுக்கு ஒன்று, மெல்லியவற்றுக்கு ஒன்று என்று சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தது. என் பெண்ணுடையது அதைப் பார்த்துச் செய்த நகல்.

இந்த இரண்டு துண்டில் ஒன்று அமுங்கிக் கிடந்தது. வெயிலில் மெழுகு இளகினால் வீணையில் மெட்டு அமுங்குகிற மாதிரி. எனக்கு அது பார்த்தவுடன் தெரிந்துவிட்டது என்று சொன்னால் பெருமையடித்துக்கொள்வதாகத் தோன்றும், ஆனால் உண்மை.

இரண்டு ஓரத்திலும் திருகாணி இருந்தது. அவர் திருப்புளி கொண்டுவந்தார். திருகாணி தளர்ந்ததே தவிர, பிக்கப் மேலே வரவில்லை. கழற்றிப் பார்த்தோம். அடியில் முட்டுக் கொடுத்திருந்த ஸ்பாஞ்சு வருஷக்கணக்கில் நசுங்கி அப்பளமாகிவிட்டிருந்தது. ரூ. 6,500 சமாசாரம் இவ்வளவுதான்!

அன்று காலையில்தான் பாத்திரம் தேய்க்கப் புது ஸ்பாஞ்சு வாங்கியிருந்தேன். தண்ணீர் படாதது. கத்தரிக்கோலை எடுத்து ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தேன். 'டி' உடனே எழுந்துவிட்டது. 'ஜி' மட்டும் இன்னும் கொஞ்சம் பின்தங்கியது. அதன் பக்கத்துத் திருகாணியை மேலும் இரண்டு சுற்றுத் தளர்த்தினோம்.

இத்துடன் விட்டிருக்கலாம். தகப்பனாரும் பெண்ணுமாக உற்சாகம் தாங்காமல் தடித்த தந்திப் பக்கத்தையும் ஏற்றிவிட்டார்கள். சத்தம் பிரமாதம்; ஆனால் மேல் மெட்டுகளில் ஸ்வரம் இரண்டாகப் பிளந்து அலைந்தது. காந்தம் ரொம்பக் கிட்டே போனால் தந்தியையே பிடித்து இழுக்கிறது; நாதமும் சீக்கிரம் அடங்கிப்போகிறது. "ஏத்தறதை நிறுத்துங்கோ. சத்தம் போடறதை இறக்குங்கோ, கம்மியா இருக்கிறது தானா கேட்கும்" என்றேன். இறக்கினோம். குறைந்த சத்தத்தை ஒலிபெருக்கியில் கூட்டிக்கொண்டால் போகிறது. கடைசி மெட்டை அழுத்திக்கொண்டு அளந்தபோது தடித்த தந்திக்கும் காந்தத்துக்கும் 3 மில்லிமீட்டர், மெல்லியதற்கு அதைவிடச் சற்றுக் குறைவு. அளந்தது அவள் பள்ளிக்கூடத்து அடிக்கோலால்.

விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது. டிகாக்ஷன் ஆறி அவலமாய்க் கிடந்தது. பிளாஸ்திரி விரலைப் பிடித்துப் பார்த்தேன். "இனிமேல் மெதுவா மீட்டினாப் போதும்" என்றேன். "வீணையிலயும் நீ அதைத்தான் சொல்லுவே" என்றாள்.

வெள்ளிக்கிழமை வரவேற்பு. மணமக்கள் யாரென்று தெரியாது. இருந்தாலும் குழுத் தலைவர் எங்களை அழைத்திருந்தார். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முதல் பாட்டு முடிந்தது. அவர் என் பக்கம் சாய்ந்து, "எதும்மா அந்தத் தந்தி? எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேட்கிறது" என்றார்.

"ஒண்ணாக் கேட்டாச் சரி" என்று சொல்லி, சாரணி வரும்போதெல்லாம் அவர் கையைக் கிள்ளினேன். மூன்றாவது பாட்டில் மொத்தம் ஒன்பது கிள்ளு. பந்திக்கு வரச் சொல்லி யாரோ வந்து கூப்பிட்டார்கள். இந்தப் பாட்டு முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.