போர்லி வழியாக வெனிஸுக்கு

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஐந்து மாத காலம் இத்தாலி தேசத்தின் படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வருகிற விருந்தாளிகள், "யார் போகிறீர்கள்?" என்று கேட்பார்கள். "எல்லோரும்" என்று பதில் சொல்லுவோம். "எங்கே?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத்தான் எங்களிடம் ஒரே பதில் இருந்ததில்லை.

என் மனைவிக்கு வெனிஸ் நகரம். வீதிகளுக்குப் பதில் கால்வாய் ஓடும் ஊரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. என் பெண்ணுக்குப் புளோரென்ஸ். சித்திரமும் சிற்பமும் படித்தவள்; மைக்கேல் ஆஞ்ஜலோவின் டேவிட் சிலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் நிற்காமல் திரும்புவதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டிருந்தாள். எனக்கோ ரோமாபுரி. பாரதியார் மாஜினியின் பிரதிக்கினையைத் தமிழில் பாடி வைத்துவிட்டுப் போனாரல்லவா? அந்த மாஜினி 1849-ஆம் வருஷத்துக் குடியரசில் மூவரில் ஒருவராக இருந்து ஆண்ட நகரத்தையும், குன்றின் மேல் குதிரை மீதமர்ந்து நிற்கும் கரிபால்டியின் சிலையையும் காண வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே எனக்கு ஒரு பைத்தியம்.

மூன்று பேர், மூன்று ஊர், பதினான்கு நாள். கணக்கு ஒருவாறு சரிப்பட்டு வந்த சமயத்தில்தான் அத்தை வாயைத் திறந்தாள்.

அத்தை என்றால் என் தகப்பனாரின் சித்தப்பா மகள். வயது எண்பத்தொன்று. "போர்லின்னு ஒரு ஊரு இருக்குதாமே, அது நீங்க போற வழியிலே வருதா தம்பி?" என்று கேட்டாள்.

படத்தைப் பார்த்தேன். புளோரென்ஸுக்குக் கிழக்கே, அபென்னைன் மலைத் தொடருக்கு அப்பால், சிறிய எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. சுற்றுலாக் கம்பெனிகளின் வர்ணப் புத்தகங்கள் எதிலும் அதைக் கண்டதாக ஞாபகமில்லை. தமிழில் எழுதும்போது அதன் பெயரிலேயே போர் இருக்கிறது என்பது பிறகுதான் என் புத்தியில் தட்டிற்று.

அத்தையின் தகப்பனார், அதாவது எங்கள் சின்னத் தாத்தா, வட ஆற்காட்டிலிருந்து மதராஸ் ஸாப்பர்ஸ் படையில் சேர்ந்தவர். பாலம் கட்டுவது, கண்ணி வெடிகளைத் தோண்டி எடுப்பது, சேற்றில் பாதை போடுவது முதலியவை அந்தப் படையின் தொழில். அத்தை தாய் வயிற்றில் இருந்தபோது கப்பலேறினார். 1944-ஆம் வருஷம் மார்கழியில் இத்தாலியில் இறந்தார் என்று தந்தி வந்தது. அதற்குமேல் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் தெரியாது. யுத்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணைக்குழு தன்னுடைய பெயர்ப் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் தேடிப் பார்த்துப் போர்லியிலே அவர் பெயர் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னது அத்தையின் பேரன். சொல்லி இரண்டு வருஷமாகிறது. அத்தை அதை எங்களிடம் சொல்லாமல் மனத்திலேயே வைத்திருந்தாள்.

இந்தச் சரித்திரத்தை நம்முடைய பள்ளிக்கூடப் புத்தகங்கள் அதிகமாகச் சொல்லுவதில்லை. 1943 முதல் 1945 வரை இத்தாலியப் போர்க்களத்தில் நான்காவது, எட்டாவது, பத்தாவது இந்திய டிவிஷன்கள் சண்டையிட்டன. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் அந்த மண்ணில் மடிந்தார்கள். அவர்கள் இத்தாலியை விடுவித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், ஜவாஹர்லால் நேரு அகமத்நகர்க் கோட்டையில் சிறையிருந்தார். தன் நாட்டுக்கு இல்லாத சுதந்திரத்தை இன்னொரு நாட்டுக்கு வாங்கிக் கொடுப்பதற்காக உயிரை விட்டவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நமக்குத் தெரியாமல் போய்விட்டது போலும். சின்னத் தாத்தா எந்தக் கொள்கைக்காகப் போனார் என்று அத்தையைக் கேட்டேன். "அந்த வருசம் மழையில்லே" என்றாள்.

ஆகவே திட்டம் முழுவதையும் பிரித்துப் போட்டோம். அத்தைக்கு ஒரே ஒரு நிபந்தனை: மகாளய அமாவாசையன்று அங்கே இருக்க வேண்டும். 2025-ஆம் வருஷத்தில் அது செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. சுவரில் ஓர் ஆணி அடித்தாற்போல் அந்தத் தேதியை நட்டுவிட்டு, அதற்கு முன்னும் பின்னுமாக மற்ற நாட்களைத் தொங்கவிட்டோம். இப்படிச் செய்தபின் வேலை வெகு சுலபமாகிவிட்டது! அதுவரை நாங்கள் பட்ட கஷ்டமெல்லாம், எந்த நாளையும் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்றிருந்ததனால் வந்ததே.

கிழமை பார்த்துப் பிரயாணம் செய்வது நம் பெரியவர்களின் வழக்கம். இத்தாலிக்கும் கிழமை பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. வாடிகன் கண்காட்சி சாலைகள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். புளோரென்ஸில் உபீஸி சித்திரசாலைக்கும், டேவிட் சிலை இருக்கும் அக்காதெமியாவுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. போதாக்குறைக்கு 2025 கத்தோலிக்கர்களின் புனித வருஷம். ரோமாபுரியில் யாத்திரிகர் கூட்டம் அலை மோதும். எனவே ஞாயிறன்று ரோமில் இறங்கி இளைப்பாறுவது, புதன்கிழமை புளோரென்ஸ், சனிக்கிழமை மலையைக் கடந்து போர்லி, பிறகு ரவென்னா, கடைசியில் வெனிஸ் என்று முடிவாயிற்று. ரோமில் இறங்கி வெனிஸிலிருந்தே விமானமேறித் திரும்புவதாக டிக்கெட் வாங்கினோம். இதனால் மறுபடி ரோமுக்குத் திரும்பும் ஐந்நூறு கிலோமீட்டர் மிச்சமாயிற்று.

விசாவுக்குப் பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கே தங்குகிறீர்கள், திரும்பி வருவதற்கு என்ன அத்தாட்சி, முப்பதினாயிரம் யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். விரல் ரேகையும் எடுப்பார்கள். அறுபது வருஷம் நாற்றுப் பறித்த அத்தையின் விரல்களில் ரேகை அநேகமாகத் தேய்ந்தே போயிருந்தது. நாலைந்து தடவை ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்த பிறகுதான் யந்திரம் அவளை ஒப்புக்கொண்டது.

இனி, ரயிலா மோட்டாரா என்ற பெரிய சர்ச்சை. "கார் எடுத்துக்கொண்டால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம்" என்றாள் மனைவி. நினைத்த இடத்தில் நிறுத்த முடியாதது இத்தாலிய நகரங்களின் விசேஷம். பழைய நகர்களின் உட்பகுதிக்குள் அனுமதியில்லாத வண்டிகள் நுழையக் கூடாது. வாயிலில் காமிரா இருக்கும். மாதக் கணக்கில் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வரும். வெனிஸிலோ காருக்கு வேலையே கிடையாது. மறுபுறம் ரோமுக்கும் புளோரென்ஸுக்கும் இடையே அதிவேக ரயிலுக்கென்றே போட்ட பாதை இருக்கிறது. 1977-இல் முதற் பகுதி திறந்து 1992-இல் பூர்த்தியான அந்தப் பாதையில் ரயில் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒன்றரை மணியில் புளோரென்ஸ். இறங்கினால் ஊரின் நடுமத்தி. இந்த ரயில்களுக்கு முன்கூட்டியே சீட்டு வாங்கினால் விலை குறைவு. சாதாரண ரயில்களில் அப்படிப்பட்ட லாபம் இல்லை. ஆனால் காகிதச் சீட்டாயிருந்தால் ஏறுமுன் யந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மறந்தால் அபராதம்.

ஆனால் மலையைக் கடக்கவும், ஊர்ப்புறத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு எண்பத்தொரு வயதுக் கிழவியை அழைத்துப் போகவும் கார்தான் ஏற்றது. ஆகையால் பெரிய நகரங்களுக்கு ரயில், நடுவில் நாலு நாளுக்கு மட்டும் கார் என்று சமாதானம் ஏற்பட்டது. புளோரென்ஸில் எடுத்துப் போலோன்யாவில் திருப்பிக் கொடுப்பது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நகருக்குள் இருக்கும் வாடகைக் கார் ஆபீஸ்கள் பல ஞாயிறன்று திறப்பதில்லை என்பதையும் பார்த்துக்கொண்டோம். ஓட்டுவது என் பெண். நம் வட்டாரப் போக்குவரத்து ஆபீஸில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கினாள். அது ஒரு வருஷம் செல்லும். உள்ளூர் லைசென்ஸையும் கூடவே வைத்திருக்க வேண்டும். அங்கே வண்டி சாலையின் வலப்புறம் போகிறது. முதல் நாள் நான் பக்கத்திலிருந்து, "வலது! வலது!" என்று ஜபம் செய்துகொண்டே வந்தேன். "அப்பா, நீங்கள் பின்னால் போய் உட்காருங்கள்" என்று உத்தரவாயிற்று.

ரோமையும் புளோரென்ஸையும் பற்றி நூற்றுக்கணக்கான புத்தகங்கள் இருக்கின்றன. நான் சேர்க்க வேண்டியது ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் சைவ உணவுக்காரர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். தக்காளிக் குழம்பிட்ட பாஸ்தா எங்கும் கிடைக்கும். ஆனால் மேலே தூவும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால். வேண்டாமென்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை மலை ஏறினோம். இந்தப் பிரதேசம் 2023 மே மாதத்து வெள்ளத்திலும் மண்சரிவிலும் மிகவும் அடிபட்டது. ஆகையால் சாலை திறந்திருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்திருந்தோம். புளோரென்ஸிலிருந்து போர்லிக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆனால் வளைவுக்கு மேல் வளைவு, செஸ்ட்நட் காடு, கீழே சிற்றாறு. 907 மீட்டர் உயரத்தில் முராலியோனே கணவாய். பெருஞ்சுவர் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாலை போட்டபோது, உச்சியில் வீசும் காற்றிலிருந்து வழிப்போக்கர்களைக் காக்க ஒரு கல் சுவர் எழுப்பினார்கள். அது இன்னும் நிற்கிறது. அதன் மறைவில் காரை நிறுத்திக் காப்பி குடித்தோம். அத்தை சுவரைத் தடவிப் பார்த்தாள். "எங்கப்பா மாதிரி யாரோ கட்டியிருக்காங்க" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டோம். இந்தியப் படைக்கென்றே அமைந்தது அது. புல்தரை கத்தரித்து விட்டாற்போல் சுத்தமாயிருந்தது. அடக்கமானவர்கள் 496 பேர். அவரவர் மதாசாரப்படி தகனம் செய்யப்பட்ட 768 பேருக்கு அங்கேயே தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. அத்தை தேட வேண்டியது இங்கேதான். பெயர்கள் ஆங்கில எழுத்தில், படைப் பிரிவு வாரியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. என் பெண் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். பஞ்சாபிப் பெயர்கள், மராட்டிப் பெயர்கள், கூர்க்காப் பெயர்கள். பிறகு திடீரென்று நமக்குத் தெரிந்த பெயர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடுவது போலிருந்தது.

சின்னத் தாத்தாவின் பெயரை ஓர் எழுத்துத் தப்பாகச் செதுக்கியிருந்தார்கள். எங்களுக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. "படையிலே சேர்ந்தப்பவே அப்படித்தான் எழுதினாங்களாம், சம்பளப் புத்தகத்திலேயும் அதேதான்" என்று அத்தை சொன்னாள். தப்பு இருந்ததனாலேயே அவளுக்குச் சந்தேகம் தீர்ந்தது போலும்! முந்தின நாள் மாலை கடையில் வாங்கிய வெள்ளைப் பூக்களை வைத்தாள். ஊரிலிருந்து முடிந்து கொண்டுவந்த விபூதியை இட்டாள். பாட்டில் தண்ணீரைக் கல்லின் அடியில் மெல்ல ஊற்றினாள். சாஸ்திரத்தில் இதற்கு இடமுண்டா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. தன் தகப்பனாரை அவள் கண்டதே இல்லை. அன்றைக்கு அவருக்கு வயது இருபத்தாறு, அவளுக்கு எண்பத்தொன்று. "சின்னப் பிள்ளை" என்றாள், பெயரைத் தடவிக்கொண்டே.

பிற்பகல் ரவென்னா. போர்லியிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். ஸான் விதாலே கோவிலின் உட்சுவர்களில் ஆறாம் நூற்றாண்டில் பதித்த பொற்சில்லுச் சித்திரங்கள் நேற்றுப் பதித்தவை போல் ஜொலிக்கின்றன. மகாகவி தாந்தேயின் சமாதியும் அங்கேதான். புளோரென்ஸ் அவரை நாடு கடத்திற்று. 1321-இல் ரவென்னாவில் இறந்தார். பிறகு உடலைத் திருப்பிக் கேட்டார்கள், ரவென்னா கொடுக்கவில்லை. புளோரென்ஸின் ஸாந்தா குரோசே கோவிலில் அவருக்காகக் கட்டிய சமாதி இன்றும் வெறுமையாக இருக்கிறது. ஆனால் ரவென்னாச் சமாதியில் எரியும் விளக்குக்கு வருஷந்தோறும் செப்டம்பர் மாதத்தில் புளோரென்ஸிலிருந்து எண்ணெய் வருகிறது. இதை விளக்கிச் சொன்னதும் அத்தை அந்த விளக்கின் எதிரில் வெகுநேரம் நின்றாள்.

திங்களன்று காஸாவில் நடப்பதைக் கண்டித்து இத்தாலி முழுவதும் பொது வேலை நிறுத்தம். ரயில்கள் பல ஓடவில்லை. எங்களிடம் அன்று கார் இருந்தது எங்கள் புத்திசாலித்தனத்தினால் அல்ல. செவ்வாய்க்கிழமை போலோன்யாவில் காரை ஒப்படைத்துவிட்டு, ஒன்றரை மணி ரயிலில் வெனிஸ் சேர்ந்தோம். 1846-இல் கட்டிய பாலத்தின் மேல், இருபுறமும் தண்ணீராக, ரயில் ஊருக்குள் நுழைகிறது. ஸ்டேஷன் வாசற்படியின் கீழே பெருங்கால்வாய். என் மனைவி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். பெட்டிகள் சிறியனவாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு நான் ஏழு தடவை சொல்லியிருந்தேன். வெனிஸில் பாலம் தோறும் படிகள். எட்டாவது தடவை சொல்லாமல் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஊர் திரும்பிச் சில மாதங்களுக்குப் பின், இத்தாலியிலிருந்து ஒரு பதிவுக் கடிதம் வந்தது. மலைப் பாதையில் ஒரு சிற்றூருக்குள் ஐம்பது கிலோமீட்டர் எல்லையில் அறுபத்தொன்றில் போனதாக அபராதம். என் பெண் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். அத்தை மட்டும் கடிதத்தை முழுவதும் படித்துச் சொல்லச் சொன்னாள். தேதி, நேரம், சாலையின் பெயர், கிலோமீட்டர்க் கல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அந்தச் சுவரைத் தாண்டி இறங்கினோமே, அந்த இடந்தானே?" என்றாள்.

அந்த இடந்தான்.