குட்டைச் செம்பருத்தியும் அம்மாவோட டீயும்

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலைகாட்டவே முடியலை. தறி வேலை ஒரு பக்கம், அம்மாவோட செம்பருத்திப் பஞ்சாயத்து ஒரு பக்கம். ரெண்டாவதைப் பத்தித்தான் இன்னிக்குச் சொல்லப்போறேன்.

போன மாசம் நர்சரியில ஒரு செம்பருத்தித் தொட்டி வாங்கிட்டு வந்தேன். முழங்கால் உயரம்கூட இல்லை, ஆனா பத்துப் பன்னெண்டு மொட்டு. இலையெல்லாம் கரும்பச்சை. சோமனூர் வெயில்ல இப்படி ஒரு செடியான்னு எனக்கே பெருமை. மறுநாள் காலையில பார்த்தா, அம்மா பூவைப் பறிச்சு வெந்நீர்ல போட்டு டீ குடிச்சுட்டு இருக்காங்க. பிரஷருக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்களாம்.

அப்பப் பார்த்து மாமா வந்தார். அம்மாவோட தம்பி, ஒரு காலத்துல பருத்தி வெச்சவர். செடியைப் பார்த்ததுமே, "ஏம் மாப்ளே, இது மருந்தடிச்ச செடியாட்ட இருக்குதே. நாங்க பருத்தி மேல போகாம இருக்க அடிப்போமே, அந்தச் சரக்கு"ன்னார்.

அம்மா டம்ளரைக் கீழே வெச்சுட்டாங்க. "நாலு நாளாக் குடிக்கறனே கண்ணு..."ன்னு என்னைப் பார்த்தாங்க.

நர்சரிக்காரரைக் கேட்டேன். "செடி வந்த எடத்துலயே அடிச்சிருப்பாங்க, எனக்குத் தெரியாதுங்க"ன்னுட்டார். அப்புறம் நானே உட்கார்ந்து தேடிப் படிச்சேன்.

மாமா சொன்ன சரக்கோட பேரு குளோர்மெக்வாட் குளோரைடு. செடியை நீளமா வளர வைக்கற ஜிப்ரெல்லின்ங்கற ஹார்மோனை இது உருவாக விடாது. கணுவுக்குக் கணு இடைவெளி குறைஞ்சு செடி குட்டையா, அடர்த்தியா நிக்கும். தொட்டிச் செம்பருத்திக்கு உலகம் பூரா நர்சரிகள்ல பயன்படுத்தறதுதான்.

சரி, ஆபத்தா? இங்கதான் நாம ரெண்டு பக்கமும் தப்புப் பண்றோம். ஒண்ணு, "கெமிக்கல்"னாலே அலறுவோம். இல்லை, "பூச்செடிக்குத்தானே"ன்னு விட்டுடுவோம். கேட்க வேண்டியது மூணு கேள்வி: பொருளோட வீரியம் என்ன, எந்த வழியா உடம்புக்குள்ள போகுது, எவ்வளவு போகுது.

அமெரிக்காவுல டாமினோசைடுன்னு ஒரு வளர்ச்சி மருந்து இருந்தது. ஆப்பிளுக்கு அடிப்பாங்க. அது சிதைஞ்சு வர்ற பொருள் புற்றுநோய் உண்டாக்கலாம்னு 1989-ல பெரிய கலவரமே ஆச்சு. அந்த வருசமே உணவுப் பயிருக்கு விற்கறதைத் தயாரிச்ச கம்பெனியே நிறுத்திக்கிச்சு. பூச்செடிக்கு மட்டும் தொடர்ந்தது. காரணம் எளிசு: பூவை யாரும் திங்கறதில்லைங்கற கணக்கு.

குளோர்மெக்வாட்டும் அங்க அப்படித்தான். உள்நாட்டுல அலங்காரச் செடிக்கு மட்டுமே அனுமதி இருந்தது. 2018-லதான் இறக்குமதி ஓட்ஸ்ல கொஞ்சம் இருக்கலாம்னு விட்டாங்க. 2024-ல வெளியான ஒரு ஆய்வுல 96 பேரோட சிறுநீரைச் சோதிச்சப்ப, ஐந்துல நாலு பேருக்கு இது இருந்தது. அளவு பாதுகாப்பு வரம்புக்கு ரொம்பக் கீழேதான். உடம்புல தங்காம சீக்கிரம் வெளியேறிடற பொருள்தான். ஆனாலும் சில விலங்கு ஆய்வுகள்ல இனப்பெருக்கத்தைப் பாதிச்சிருக்கு.

அதனால அம்மாவோட நாலு டீக்குப் பயப்பட ஒண்ணுமில்லைன்னு என் கணக்கு. ஆனா பூச்செடிக்கு அனுமதின்னா, பார்த்து ரசிக்கறதுக்குக் கொடுத்த அனுமதி. டீ போட்டுக் குடிப்பாங்கன்னு யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டாங்க. நம்ம ஊர்லதான் பூ தலைக்கும் போகும், சாமிக்கும் போகும், வாய்க்கும் போகும்.

அம்மாகிட்ட, "வேலியோரம் நாமளே பதியம் போட்ட செம்பருத்தி இருக்கு, டீக்கு அது. தொட்டிச் செடி கண்ணுக்கு மட்டும்"னு சொன்னேன். "அட, அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன"ன்னு என்னையே திட்டு :-)

நிஜமான ஆபத்து வேற இடத்துல இருந்தது. தெளிக்கற தண்ணியில மருந்து பல நூறு மடங்கு கரைஞ்சு போயிருக்கும். பாட்டில்ல இருக்கறது 50 சதவீதம். அதைத் தப்பாக் குடிச்சா உயிரே போகும், மாற்று மருந்தும் கிடையாது. மாமாகிட்ட, "எப்படிக் கலக்குவீங்க?"ன்னு கேட்டேன்.

"எப்படின்னா? குச்சி கெடைச்சாக் குச்சி, இல்லாட்டிக் கை" ன்னு சிரிச்சார்.

"மிச்சம் இருந்தா?"

மாமா சிரிப்பை நிறுத்திட்டார். பருத்தியை விட்டு ஏழு வருசமாச்சு. சர்பத் பாட்டில்ல ஊத்தி எங்கயோ வெச்ச ஞாபகம்னார். அவர் வீட்டுல இப்ப மூணு வயசுப் பேரன் இருக்கான். டீகூடக் குடிக்காம வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிட்டார்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்தது. தறிச் சத்தத்துல சரியாக் கேட்கலை, வெளிய வந்து பேசினேன்.

"மாப்ளே, இருந்துச்சு. அட்டத்துல, பையனோட பொம்மைப் பொட்டிக்குப் பக்கத்துல."

உங்க வீட்டு அட்டத்தையும் ஒரு தடவை பார்த்துடுங்க.