ஒரு கிட்னி தாறன், பிள்ளை

"பிள்ளை, என்ரை ஒரு கிட்னியை எடுத்து இவவுக்கு வைச்சால் சரிவராதோ?"

2023 மாசியில், வலிகாமத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் அந்த ஐயா இப்படிக் கேட்டார். மனைவிக்கு ஈரலில் புற்றுநோய். சிறுநீரகத்துக்கும் பரவிவிட்டதென்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவர் மனதில் நின்றது கிட்னி என்ற சொல் மட்டும்தான். கிட்னி பழுதானால் மாற்றலாம் என்பது அவருக்குத் தெரியும்.

என் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "டொக்டரிட்டைக் கேட்டுப் பாப்பம் ஐயா" என்றேன். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு கிழமைக்குள் வளவை ஈடுவைக்க ஆள் பார்த்துவிட்டார்.

பிறகுதான் வைத்தியரோடு கதைத்தேன். ஈரலில் தொடங்கிய புற்றுநோய் எங்கே பரவினாலும் அது ஈரல் புற்றுநோயேதான். அது கூடுதலாகப் பரவுவது நுரையீரலுக்கும் எலும்புக்கும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பிக்கும். சிறுநீரகத்துக்கே பரவுவது அரிது. பரவிய பின் வேறு சிறுநீரகம் வைத்துப் பயனில்லை. அதை உடல் ஏற்பதற்குக் கொடுக்கும் மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, நோய் வளரவே இடங்கொடுக்கும். இதையெல்லாம் நான் சொல்லி முடிக்க, ஐயா ஒன்றும் பேசாமல் எழும்பிப்போய் ஆட்டுக்குக் குழை கட்டினார்.

அம்மாவை வருத்தியது வேறொன்று. ஈரல் வருத்தமென்றால் குடிதான் காரணமென்று நம்பும் ஊர் அது. "குடியாத மனிசிக்கு இது என்னெண்டு வந்தது?" என்று, பார்க்க வந்தவர்களே படலையடியில் நின்று கதைத்தார்களாம். (பார்க்க வரும்போது நெக்ரோவும் கொண்டுதான் வந்தார்கள்!) அவருக்கு 15 வருடமாக நீரிழிவு. ஈரலில் கொழுப்புப் படிந்து, நாளடைவில் ஈரல் தழும்பாகிச் சுருங்கி, அங்கே புற்றுநோய் வரலாம். ஒரு சொட்டுக் குடிக்காதவருக்கும் வரலாம். ஹெப்பற்றைற்றிஸ் பி கிருமியும் ஒரு காரணம். அதற்கான தடுப்பூசியை நம் நாட்டில் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது 2003இல்தான். சீனி வருத்தமுள்ள சகோதரிகள் அடுத்த கிளினிக்கில் ஈரலைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கிட்னி விடயத்தை அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. ஆனால் அவர் உள்ளே படுத்திருந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கடைசியாக நான் போனபோது பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினார்.

"நாப்பது வருசத்திலை எனக்கொரு சீலை பாத்து வாங்கத் தெரியாத மனுசன் பிள்ளை. கிட்னி தரப் பாக்குது" என்று சிரித்தார். சிரித்ததில் நோவெடுக்க, என் கையைப் பிடித்துக்கொண்டார்.