ஊர் சரி, அங்க எந்தப் பக்கம்?

புதிய வேலையில் சேரும்போது நாம் நியமன ஆணையை மட்டும் கொண்டு போவதில்லை. குடும்பத்திலேயே முதன்முதலாக அலுவலக நாற்காலியில் உட்காரப் போகிறவர் என்ற பாரமும் கூடவே வருகிறது. அப்பாவோ சித்தப்பாவோ அலுவலகம் போனவர்களாக இருந்தால், யாரிடம் எப்படிப் பேசுவது என்பது வீட்டுப் பேச்சிலேயே காதில் விழுந்திருக்கும். நமக்கு அந்தச் சொத்து கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதல் வாரத்தில் கேள்விகள் வரும். எந்த ஊரு? அங்க எந்தப் பக்கம்? குலதெய்வம் எது? சமூகவியல் முதுகலை முடித்துத் தொண்டு நிறுவன வேலைக்குப் போன எங்களிடமும் இவற்றைக் கேட்டார்கள், அதுவும் சமூகநீதி பற்றி அறிக்கை எழுதும் அதே அறையில். சாதியை மறைத்துப் பொய் சொல்ல வேண்டியதில்லை. கேட்டவுடன் சொல்லியாக வேண்டும் என்ற கடனும் இல்லை. எப்போது, யாரிடம் சொல்வது என்பது நம் முடிவு. "குலதெய்வம் இருக்கட்டும்கா, கள ஆய்வுப் படிவத்த எப்ப அனுப்பணும்?" என்று கேட்டால் பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும்.

திறமை இருந்தால் சாதி தானாக விலகும் என்று சிலர் நமக்குப் புத்தி சொல்வார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடா சமஸ்தானப் பணியில் சேர்ந்தார். தீட்டுக்கு அஞ்சிய கடைநிலை ஊழியர்கள் கோப்புகளை அவர் மேசையில் வீசினார்கள். அடுத்த ஆண்டு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் பயன்படுத்துவதற்குச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவருக்கா திறமை இல்லை?

அப்படியானால் யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கி இருந்துவிடலாமா? கூடாது. ஒதுங்கினால் வேலை பற்றிய தகவல்கூட நம்மிடம் வந்து சேராது. பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்பதெல்லாம் கூட்டத்தில் முடிவாவதற்கு முன்பே டீக்கடையில் முடிவாகிவிடுகிறது. டீக்கு நாமும் போக வேண்டும்.

தூய்மைப் பணியாளர் அக்காவிடமிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அவர் நம் மக்களில் ஒருவர். எல்லோரும் "ஏம்மா" என்று கூப்பிடும் இடத்தில், பெயர் கேட்டு "அக்கா" சேர்த்துக் கூப்பிடுங்கள். அந்த அலுவலகத்தின் உண்மையான வரலாறு அவருக்குத்தான் தெரியும்.

மதியம் டப்பாவைத் திறந்து எல்லோரோடும் உட்காருங்கள். மாட்டுக்கறியானாலும் கருவாடானாலும் மூடி மறைத்துச் சாப்பிட வேண்டாம். சேர்ந்து சாப்பிடுவதால் மட்டும் சாதி ஒழியாது என்பதை அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். ஆனாலும் யார் தட்டை நகர்த்திக்கொள்கிறார்கள், யார் நம் குழம்பை ஊற்றிக்கொள்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

வாய்மொழியாக வேலை சொன்னால், "நீங்கள் சொன்னபடி இதைச் செய்கிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். "கோட்டாவுல வந்தவங்க" என்று யாராவது சிரித்தால், கூடச் சிரிக்க வேண்டாம். "அரசியலமைப்பு 16(4) கொடுத்த உரிமை" என்று அங்கேயே, குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். தேதி, நேரம், உடனிருந்தவர்கள் பெயர் ஆகியவற்றை அன்றே குறித்து வையுங்கள்.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஒருவர், பொதுவில் பிறர் காணும்படி நம்மை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது குற்றம். அங்கே சாட்சி சொல்ல வேண்டியவர் பக்கத்து மேசைக்காரர்தான். பழகாத ஒருவருக்காக யார் வேலையைப் பணயம் வைத்து வாய் திறப்பார்கள்? நல்லுறவு நம் பாதுகாப்பும்கூட. மத்திய அரசு அலுவலகமானால் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களுக்கான தொடர்பு அலுவலர் யார், ஊழியர் சங்கம் எங்கே என்று முதல் மாதத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

நமக்குப் பின்னால் ஒரு தம்பியோ தங்கையோ அதே அலுவலகத்துக்கு வருவார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும் கேளுங்கள். ஊரை விசாரிக்க வேண்டாம்.